லான் சேனியைப் ‘பேய்ப்பட நடிகர்’ என்று அழைப்பது சரிதானா?

பழையரீல் எழுதியது:

சென்ற வாரம் மற்றோர் இழையில் தொடக்ககாலத் திகில் நடிகர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, நண்பர் ஒருவர் ஹாலிவுட் மௌனப்பட நடிகர் லான் சேனியை, டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி, ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃப் ஆகியோரோடு ஒரே வரியில் சேர்த்துப் ‘பேய்ப்பட நடிகர்’ என்று எழுதியிருந்தார். அங்கே மறுத்தால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். சேனியின் பெயரை நிலைநிறுத்திய படங்களில் ஒன்றில்கூட அவர் பேயாகவோ பிசாசாகவோ வரவில்லை என்பதே என் வாதம்.

1919-இல் வந்த ‘தி மிராக்கிள் மேன்’ படத்தில் முடவனாக நடித்து ஊரை ஏமாற்றும் மோசடிக்காரர், 1920-இல் வந்த ‘தி பெனால்ட்டி’யில் கால்களை இழந்த தாதா, 1923-இல் நோட்ரடேம் தேவாலயத்துக் கூனர், 1925-இல் பாரிஸ் ஆப்பரா அரங்கின் நிலவறைகளில் ஒளிந்து வாழும், முகம் சிதைந்த இசைக்கலைஞர். இவர்கள் அனைவரும் மனிதர்கள். 1927-இல் வந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தில் கூரிய பல்வரிசையும் உயரமான தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் காட்டித்தான் அவரை இரத்தக்காட்டேரி என்கிறார்கள். ஆனால் அந்தக் கதையின் முடிவில் அந்தக் காட்டேரி, கொலையாளியைப் பிடிப்பதற்காக வேடமிட்ட துப்பறியும் அதிகாரி என்று தெரிந்துவிடுகிறது.

வாழ்க்கைச் சுருக்கத்தையும் இங்கே வைத்துவிடுகிறேன். 1883 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்துபவர். தாய், தந்தை இருவருக்கும் காது கேளாது. நான்காம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. உள்ளூர் ஆப்பரா அரங்கில் எடுபிடி வேலை செய்து, பிறகு ஊர் ஊராகச் சுற்றும் இசைநாடகக் குழுக்களில் ஆடிப் பாடி, ஏறத்தாழ முப்பது வயதில் சினிமாவுக்கு வந்தார். யூனிவர்சல் நிறுவனத்தில் ஐந்தாண்டுக் காலம் சிறு வேடங்களில் உழைத்துவிட்டுச் சம்பள உயர்வு கேட்டபோது, வாரத்துக்கு 100 டாலருக்கு மேல் தேறவே மாட்டாய் என்று அங்கிருந்த மேலாளர் சொல்ல, வேலையை உதறிவிட்டு வெளியேறினார். அதே யூனிவர்சல் 1923-இல் நோட்ரடேம் படத்துக்காகத் தேவாலய முகப்பையே எழுப்பி, அவரைக் கதாநாயகனாக்கி அழைத்துக்கொண்டது. பிறகு எம்.ஜி.எம். நிறுவனத்தின் பெரும் நட்சத்திரமாகி, 1930 ஆகஸ்டு 26 அன்று தமது 47ஆம் வயதில் காலமானார்.

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரை இரண்டு ஒப்பனைப் புகைப்படங்களைக் கொண்டு அளப்பது அநீதி என்று கருதுகிறேன்.

இரவுக்காட்சி எழுதியது:

ஐயா, அந்த வரியை எழுதியவன் நான்தான். ‘பேய்’ என்ற சொல் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘திகில்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு படம் எந்த வகை என்பதைக் கதையில் பேய் இருக்கிறதா என்று தேடி முடிவுசெய்ய இயலாது. ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’வில் முகமூடி கழற்றப்படும் காட்சியை எண்ணிப் பாருங்கள். கதாநாயகியாக நடித்த மேரி ஃபில்பின் பின்புறமாக மெல்ல வந்து கையை நீட்டுகிறார்; கையை இழுத்துக்கொள்கிறார்; மறுபடியும் நீட்டுகிறார். சேனி ஆர்கன் வாசித்தபடி நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். முகமூடி விலகும்போது அந்த முகத்தை முதலில் பார்ப்பவர்கள் நாம்தான், அவளல்ல. அவர் திரும்பிய பிறகே அவள் பார்க்கிறாள். ஒரே முகத்துக்கு நம்மை இரண்டுமுறை அஞ்சவைக்கும் அந்த அமைப்பு, பின்னால் வந்த திகில் படங்கள் எத்தனைக்கு முன்மாதிரியாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. வெளியீட்டுக்கு முன் அந்த முகத்தின் புகைப்படம் எதுவும் வெளியே கசியாமல் யூனிவர்சல் காத்ததும் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘திகில் படம்’ என்ற வகைப்பெயர் ஹாலிவுட்டில் பரவலாக வழங்கத் தொடங்கியதே 1931-இல் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் வந்த பிறகுதான். சேனி அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அந்தப் பெயர் அவர் காலத்தில் இல்லை என்பதால் அவருக்கு அந்த வகையில் பங்கில்லை என்றாகிவிடாது. கார்லாஃப் வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருந்த நாள்களில், சாலையில் நடந்து போன அவரைச் சேனி தம் காரில் ஏற்றிக்கொண்டு, வேறு எவராலும் செய்ய முடியாத அல்லது செய்யத் துணியாத ஒன்றைக் கண்டுபிடித்துச் செய் என்று அறிவுரை சொன்னதாகக் கார்லாஃப்பே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மரபு அப்படித்தான் கைமாறியது.

மௌனமொழி எழுதியது:

இத்தனை ஆண்டுகளாக இந்தக் களத்தில் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பழையரீல் ஐயா ‘தாய், தந்தை இருவருக்கும் காது கேளாது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டதால் எழுத வந்தேன்.

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேளாது. எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் அம்மாவைக் கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுவோம். அதிர்வு அவர்களுக்குத் தெரியும். இரவில் என்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். சண்டை போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. திருப்பிக்கொண்டால் பேச்சே அறுந்துவிடும். கோபத்தையும் கெஞ்சலையும் கேலியையும் முகத்திலும் கையிலும் தெளிவாக வைத்தாக வேண்டும். கடைக்காரர் அப்பாவைப் பற்றி இழிவாக ஏதாவது சொன்னால், அதை அப்படியே மொழிபெயர்ப்பதா விட்டுவிடுவதா என்று எட்டு வயதிலேயே முடிவெடுக்க வேண்டும். இவையெல்லாம் கேட்கும் காதோடு அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தானாக வந்துசேரும் பயிற்சிகள்.

சேனிக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது அவருடைய தாயார் வாதநோயால் படுத்த படுக்கையானார். பையன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் தாயைக் கவனித்துக்கொண்டான். வெளியே போய்வந்து, தெருவில் யார் என்ன செய்தார்கள், யார் எப்படி நடந்தார்கள் என்பதைக் கட்டிலருகே நின்று நடித்துக் காட்டுவான். அந்தத் தாய்க்கு ஊர்ச் செய்தி என்றால் மகனுடைய உடல்தான். கொலராடோவில் 1874-இல் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கியவர் அந்தத் தாயின் தந்தை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அந்தக் குடும்பத்தில் சைகைமொழி வெட்கத்தோடு மறைத்துவைக்கப்பட்ட ஒன்றாக இருந்திருக்க முடியாது.

நோட்ரடேம் படத்தில் கூனர் குவாசிமோடோவை அறிமுகப்படுத்தும் எழுத்தட்டையே (மௌனப்படத்தில் இடையிடையே வரும் எழுத்துத் திரை) அவரைக் காது கேளாதவர், பாதிப் பார்வை உள்ளவர் என்றுதான் சொல்கிறது. கூனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். காது கேளாத பெற்றோரின் மகன் காது கேளாத ஒருவராக நடித்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தப் படத்தில் மற்றவர்கள் பேசும்போது அவர் கண்கள் முதலில் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். கூட்டத்தின் நடுவே வைத்துச் சவுக்கால் அடிக்கும்போது, எங்கிருந்து ஆபத்து வருகிறது என்று தெரியாமல் முகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். என் அப்பா மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது அதே பார்வையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அரிதாரம் எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் முப்பது ஆண்டுகளாக நாடகங்களுக்கு ஒப்பனை செய்பவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

சேனிக்குத் தனி ஒப்பனைக் கலைஞர் கிடையாது. எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டார். 1929-இல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியப் பதிப்பில் ஒப்பனை பற்றிய பகுதிக்கு அவர் பெயரே இடம்பெற்றது. அவருடைய ஒப்பனைப் பெட்டி இன்று லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் பெட்டிகளில் கிடப்பவைதான் அதிலும் கிடக்கின்றன: களிம்பு வண்ணக் குச்சிகள், பஞ்சு, பசை, முடிக்கற்றைகள், போலிப் பற்கள். நுரை ரப்பர் முகங்கள் வருவதற்கு முந்தைய காலம் அது.

ஆப்பரா படத்து முகத்தை எப்படிச் செய்தார் என்பதில் பல கதைகள் உலவுகின்றன. கன்ன எலும்புகளைப் பஞ்சும் கொலோடியன் என்ற, காய்ந்தால் இறுகும் திரவப் பூச்சும் அடுக்கடுக்காக வைத்து உயர்த்தினார். தலைக்கு ஒட்டுக்கவசம் போட்டு நெற்றியை ஏற்றினார். மூக்குதான் கடினமான வேலை. மீன்தோல் என்று எங்கள் தொழிலில் சொல்லும் மெல்லிய ஒளிபுகும் பட்டையை மூக்கு நுனியில் பசையால் ஒட்டி, மேல்நோக்கி இழுத்து, நெற்றிக் கவசத்தின் அடியில் பொருத்திவிட்டால் நாசித்துளைகள் நேராகத் தெரியும். மண்டையோட்டின் தோற்றம் வந்துவிடும். சில காட்சிகளில் கம்பியும் பயன்பட்டது, மூக்கிலிருந்து இரத்தம் வந்தது என்று அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதன்மேல் கறுப்பு வண்ணத்தை நாசித்துளைகளின் ஓரம்வரை கொண்டுவந்தால் மூக்கே இல்லாததுபோல் இருக்கும்.

இதில் நான் வியப்பது வலியைத் தாங்கியதை அல்ல, ஃபிலிமை அறிந்துவைத்திருந்ததைத்தான். அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகக் காட்டும், நீலத்தை வெளிறவைக்கும். கண்ணாடியில் பார்த்து ஒப்பனை செய்பவர் அதை நம்ப முடியாது. கண்ணாடியில் தெரியும் முகத்தை மனத்துக்குள் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டே தூரிகையை நகர்த்த வேண்டும்.

கொலோடியனைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். இளமையில் ஒரு நாடகத்தில் வாள்வெட்டுத் தழும்பு வேண்டும் என்றார்கள். கன்னத்தில் மூன்று பூச்சுப் பூசினேன். காயக் காயத் தோலைச் சுருக்கி உள்ளே இழுக்கும். ஆழமான தழும்பு அழகாக வந்தது. இரவு கழற்றியபோது தோலும் கொஞ்சம் வந்தது. மறுநாள் காலை வரை எரிந்தது. சேனி இதை வாரக்கணக்கில், படத்துக்குப் படம் செய்தார். அதே வேளையில், நோட்ரடேம் கூன் 70 பவுண்டுக்கு மேல் எடை என்று இன்றும் எழுதுவதை நிறுத்த வேண்டும். அது படத்தின் விளம்பரத்துக்காக ஊதப்பட்ட எண். பிற்கால ஆய்வாளர்கள் அதைவிட மிகக் குறைந்த எடையைத்தான் சொல்கிறார்கள். அத்தனை எடையைக் கட்டிக்கொண்டு, குனிந்த நிலையில் அவ்வளவு சுறுசுறுப்பாக அசைய எந்த மனிதனாலும் முடியாது. உழைப்பைப் பெரிதாக்கிச் சொல்லும்போது திறமை சிறிதாகிவிடுகிறது.

கயல்விழி_மதுரை எழுதியது:

எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு மனக்குறையை வைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. வலது காலில் காலிப்பர் மாட்டித்தான் நடக்கிறேன். சேனியின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு பயமல்ல, களைப்பு. காலில்லாதவன் கொடியவன், கூனன் காதலிக்கத் தகாதவன், முகம் சிதைந்தவன் கொலைகாரன். ‘தி பெனால்ட்டி’யில் சிறுவயதில் ஒரு மருத்துவர் தவறுதலாகக் கால்களை வெட்டிவிட, அந்தப் பையன் வளர்ந்து நகரத்தையே கொள்ளையிடத் திட்டமிடும் தாதாவாகிறான். முடிவில் மண்டையில் இருந்த அழுத்தத்தை அறுவைசிகிச்சையில் நீக்கியதும் நல்லவனாகிவிடுகிறான். அவனுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தின்மேல் அவனுக்கு இருந்த கோபமும் நோயாகிவிட்டது. நியாயமான கோபம் என்று ஒன்று அவனுக்கு இருக்கவே கூடாதா?

இதைச் சொன்ன பிறகு, மற்றொன்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன். அந்தப் படத்துக்காகச் சேனி தம் கால்களை முழங்காலில் மடக்கி, பின்னால் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டி, முழங்கால்களைத் தோல் உறைகளுக்குள் வைத்து அவற்றின்மேல் நடந்தார். சிறிது நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல் அடிக்கடி அவிழ்த்து, இரத்தம் ஓடத் தேய்த்துவிட வேண்டியிருந்தது. வார்ப்பட்டை ஓரிடத்தில் அரை அங்குலம் விலகினால் என்ன ஆகும் என்பது எனக்கு நாள்தோறும் தெரிந்த விஷயம். அதனால் நான் அவருடைய கால்களைப் பார்க்கவில்லை, தோள்களைப் பார்த்தேன். நாற்காலியில் ஏறும்போது முதலில் கையை ஊன்றி எடையைச் சோதிக்கிறார். பிறகுதான் உடலைத் தூக்குகிறார். சுவரில் அடித்த முளைகளைப் பிடித்துக் கைகளாலேயே மேலேறி, உயரத்திலுள்ள சாளரத்தின் வழியாக அடுத்த அறையைப் பார்க்கிறார். பியானோ வாசிக்கும் காட்சியில் பெடலை அழுத்தக் காலில்லை என்பதால், ஒரு பெண் கீழே அமர்ந்து கைகளால் அழுத்துகிறாள். அவளை அவன் கொல்ல எண்ணியிருக்கிறான். ஆனால் அந்தப் பெடலை அவளைப்போல் அழுத்த வேறு ஆளில்லை. ஒருவரைச் சார்ந்து வாழ்வதில் உள்ள நெருக்கத்தையும் எரிச்சலையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் வேறு படங்களில் அதிகம் கண்டதில்லை.

கதைகள் எங்களுக்கு அநீதி செய்தன. அந்த நடிகர் செய்தாரா என்பதில்தான் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழையரீல் எழுதியது:

கயல்விழி அம்மா, உங்கள் குறை நியாயமானது. அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. ‘தி அன்னோன்’ படத்தை மட்டும் முன்வைக்க விரும்புகிறேன். 1927-இல் டாட் பிரவுனிங் இயக்கியது. பிரவுனிங்கும் சேனியும் சேர்ந்து பத்துப் படங்கள் செய்தார்கள். அவற்றில் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது இது.

கைகளே இல்லாத கத்தி வீச்சாளன் என்று சர்க்கஸில் பெயர் வாங்கிய அலோன்சோ, உண்மையில் கைகள் உள்ளவன். காவலரிடமிருந்து மறைந்து வாழ்வதற்காகக் கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டி ஒளித்திருக்கிறான். ஒரு கையில் இரட்டைக் கட்டைவிரல் இருப்பதால் எளிதில் அடையாளம் தெரிந்துவிடும். அவன் நேசிக்கும் நானோன் என்ற பெண்ணுக்கு (இளம் ஜோன் கிராஃபோர்டு) ஆண்களின் கை தன்மேல் படுவதே அருவருப்பு. அவளுக்காக அவன் மருத்துவர் ஒருவரை மிரட்டி உண்மையாகவே இரு கைகளையும் வெட்டிக்கொள்கிறான். குணமாகித் திரும்பி வந்தால், அவள் அந்த அச்சத்தைக் கடந்து, சர்க்கஸ் பலசாலியின் கைகளுக்குள் மகிழ்ச்சியாக நிற்கிறாள். அந்தச் செய்தியை அவள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அவனும் சிரிக்கத் தொடங்குகிறான். அந்தச் சிரிப்பு நிற்காமல் வளர்ந்து எங்கே போய் முடிகிறது என்பதை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை போதாது.

இந்தப் படத்தில் உடற்குறை தீமைக்குக் காரணமாக வைக்கப்படவில்லை. இருப்பதை இல்லாததாகக் காட்டிய பொய்யும், அந்தப் பொய்யையே மெய்யாக்கிக்கொண்ட பேராசையும்தான் அவனை அழிக்கின்றன. ‘தி மிராக்கிள் மேன்’ முதலாகவே சேனியின் படங்களில் இந்த இழை ஓடுகிறது: போலி முடவன், போலிக் காட்டேரி, கிழவி வேடமிட்ட திருடன். வேடத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர், வேடம் போடுகிறவர்களையே திரும்பத் திரும்ப நடித்தார்.

உங்கள் வினாவுக்கு இதுவும் தொடர்புடையது: அலோன்சோ காலால் சிகரெட் பற்றவைப்பதும் கத்தி எறிவதுமான காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கால்களை வழங்கியவர் பால் டெஸ்மியூக் என்ற, உண்மையில் கைகளில்லாத கலைஞர். முகமும் மார்பும் சேனிக்கு, கால்கள் டெஸ்மியூக்குக்கு. இரண்டு உடல்கள் ஒரே மனிதனாக அவ்வளவு இசைந்து அசைகின்றன. ஆனால் புகழ் ஒருவருக்கே போயிற்று. இந்த இழையில் அவர் பெயரையாவது நாம் எழுதிவைப்போம்.

இரவுக்காட்சி எழுதியது:

டெஸ்மியூக்கைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. நன்றி ஐயா.

அந்தப் படம் நமக்குக் கிடைத்ததே பெரிய பேறு. நெடுங்காலம் நல்ல பிரதி இல்லாமல் இருந்து, 1968-இல் பாரிஸ் சினிமாதெக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. படத்தின் பெயருக்குப் பொருளே ‘அறியப்படாதவன்’. அதே சொல்லின் பிரெஞ்சு வடிவத்தை எழுதி, இன்ன படம் என்று தெரியாத பெட்டிகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றோடு அவற்றாக இதுவும் கிடந்திருக்கிறது. அண்மையில் செக் நாட்டுப் பிரதி ஒன்றிலிருந்து விடுபட்ட காட்சிகளைச் சேர்த்து, ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் நீளமான பதிப்பை உருவாக்கியிருக்கிறது.

‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ அவ்வாறு தப்பவில்லை. கடைசியாக இருந்த பிரதி 1965-இல் எம்.ஜி.எம். கிடங்குத் தீவிபத்தில் எரிந்தது. நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணைக்க முடியாது. ‘தி மிராக்கிள் மேன்’ படத்தில் சில நிமிடத் துண்டுகளே எஞ்சின. நோட்ரடேம் படத்தின் மூல நெகடிவும் இல்லை. வீட்டில் திரையிடுவதற்காக வாடகைக்குவிட்ட 16 மி.மீ. பிரதிகளிலிருந்துதான் நாம் இன்று பார்க்கிறோம். நம் தமிழ் மௌனப்படங்களுக்கு இந்த அளவுகூட எஞ்சவில்லை என்பதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பேசும்படத்துக்கு அவர் தயங்கினார் என்று சொல்வதுண்டு. ஆனால் வந்தபோது முழுமையாக வந்தார். ‘தி அன்ஹோலி த்ரீ’யை 1930-இல் பேசும்படமாக மறுபடி எடுத்தபோது, குரல்மாற்றுக் கலைஞன், கிழவி, பொம்மை, கிளி, ஒரு பெண் என ஐந்து குரல்களில் பேசினார். அனைத்தும் தம்முடைய குரல்களே என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அதையும் நிறுவனம் விளம்பரமாக்கியது. படம் ஜூலையில் வெளிவந்தது; ஆகஸ்டில் அவர் இல்லை.

புதியவன்_96 எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். லான் சேனி என்று தேடினால் ஓநாய் மனிதனாக நடித்தவரும் வருகிறார். அவர் இவர்தானா? அவருடைய குடும்ப வாழ்க்கை பற்றியும் யாரேனும் எழுத வேண்டுகிறேன்.

பழையரீல் எழுதியது:

தம்பி, ஓநாய் மனிதன் அவருடைய மகன். 1906-இல் பிறந்தபோது வைத்த பெயர் கிரைட்டன். தாயின் குடும்பப் பெயரையே மகனுக்கு வைத்தார்கள்.

அந்தத் தாய் கிளீவா, பாடகி. நாடகக் குழுவில் சேனியைச் சந்தித்து மிக இளம்வயதில் மணந்துகொண்டார். இருவருக்கும் இடையே கசப்பு முற்றி, 1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் மஜெஸ்டிக் அரங்கில், சேனி மேடை நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, பாதரச நஞ்சை விழுங்கினார். உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. பாடகிக்கு அதன்பின் என்ன வாழ்க்கை இருக்கும்! அந்த அவப்பெயரால் மேடையில் வேலை கிடைக்காமல் போனதுதான் சேனியைச் சினிமாவின் பக்கம் தள்ளியது. மணமுறிவுக்குப் பின் சிறுவன் பிறர் பராமரிப்பில் சில காலம் இருந்தான். 1915-இல் சேனி ஹேசலை மணந்த பிறகே தந்தையிடம் வந்து சேர்ந்தான். அம்மா இறந்துவிட்டாள் என்றே அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். உயிரோடிருக்கிறாள் என்பது தந்தை காலமான பிறகே தெரிந்தது. சேனியின் கலையை எவ்வளவு போற்றினாலும் இந்த ஒன்றை என்னால் அவருக்காக வாதாடி மறைக்க முடியவில்லை.

மகன் நடிகராவதையும் அவர் விரும்பவில்லை. கிரைட்டன் தந்தை மறைந்த பிறகே திரைக்கு வந்தார். தம் பெயரில் சில ஆண்டுகள் போராடிப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி 1935-இல் ‘லான் சேனி ஜூனியர்’ ஆனார். 1941-இல் ‘தி வுல்ஃப் மேன்’ வந்தது.

சேனி பேட்டிகளைத் தவிர்த்தவர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் லான் சேனி என்று ஒருவன் இல்லை என்பார். ஓய்வு கிடைத்தால் சியரா மலையடிவாரத்துக்குப் போய் மீன்பிடிப்பார். அங்கே அவருக்குக் கற்குடில் வரைந்துகொடுத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். ‘டெல் இட் டு தி மரீன்ஸ்’ படத்தில் ஒப்பனையே இல்லாமல் சார்ஜன்டாக நடித்ததற்காக அமெரிக்க மரீன் படை அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. இறுதிச் சடங்கிலும் அந்த வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். கிளெண்டேல் ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அவருடைய இடத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை.

மௌனமொழி எழுதியது:

ஐயா ஒன்றை விட்டுவிட்டார். நுரையீரல் குழாயில் புற்றுநோய் இருந்தது. கடைசி நாள்களில் தொண்டையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுப் பேச முடியாமல் போனபோது, சேனி சைகைமொழியில்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

புதியவன்_96 எழுதியது:

நேற்றிரவு ‘தி அன்னோன்’ பார்த்தேன். பழைய பதிப்பு, ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இந்த இழையைப் படித்துவிட்டுப் பார்த்ததால், பயப்படுவதற்காக உட்காராமல், கவனிப்பதற்காக உட்கார்ந்தேன்.

ஒரு காட்சியை மட்டும் இங்கே குறிக்கிறேன். அறுவைக்கு முன், தனியறையில், கட்டுகளை அவிழ்த்து அலோன்சோவின் கைகள் வெளியே இருக்கின்றன. ஆழ்ந்த யோசனையில் இருக்கிறான். சிகரெட் வேண்டும் என்று தோன்றுகிறது. காலால் எடுத்து, காலால் பற்றவைத்து, காலாலேயே புகைக்கிறான். கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா கிடக்கின்றன. உடனிருக்கும் குள்ளர் அதைப் பார்த்துச் சிரித்துச் சுட்டிக்காட்டிய பிறகே, தனக்குக் கைகள் இருப்பதை அவன் கவனிக்கிறான். அந்தக் கணத்தில்தான் அந்த எண்ணம் அவன் முகத்தில் நுழைகிறது. எழுத்தட்டை வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அறை விளக்கைப் போட்டுவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

இரவுக்காட்சி அண்ணா, திகில் என்று நீங்கள் சொன்னது இதைத்தான் என்றால், எனக்கு உடன்பாடே. கயல்விழி அக்கா, அந்தச் சிகரெட்டைப் பிடித்த கால்கள் டெஸ்மியூக்குடையவைதானா என்று உற்றுப்பார்த்தேன். எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றிரவு ‘தி பெனால்ட்டி’ பார்க்கப் போகிறேன். தோள்களைப் பார்க்கச் சொன்னீர்கள், நினைவிருக்கிறது.